கெசியாவின் கிராம்பு ஒயின்

பாளையங்கோட்டையில் கெசியாவின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கிறிஸ்மஸ் நெருங்கினால் அவள் போடும் ஒயினுக்கு அப்படி ஒரு கிராக்கி. மலிவான கறுப்புத் திராட்சையோடு கொஞ்சம் பன்னீர்த் திராட்சை, சாத்தான்குளம் கருப்பட்டி, கிராம்பு, பட்டை, நல்லமிளகு; அவ்வளவுதான் சரக்கு. நாக்கில் பட்டதும் இனிக்கும், பிறகு துவர்க்கும், தொண்டையில் இறங்கும்போது மிளகு சுள்ளென்று பிடிக்கும். கிராம்பு மணம் மூக்கை விட்டுப் போக நேரமாகும்.

அந்த ஒயின் போடுவதை அவள் விட்டு மூன்று வருஷம். கணவர் பாக்கியசீலன் குடியில் விழுந்து, ஈரல் கெட்டு, சாகக் கிடந்து பிழைத்தவர். ஒரு மடக்கு உள்ளே போனாலும் பழைய பேய் திரும்பிவிடும், அப்புறம் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். கோயில் ஆராதனையில் சபையார் பருகும் நற்கருணைக்குப் புளிக்காத திராட்சைச் சாறு காய்ச்சிக் கொடுப்பதோடு கெசியா நிறுத்திக்கொண்டாள்.

அப்படியே சும்மா இருந்திருக்கலாம். களக்காட்டு நாத்தனார் எலிசபெத் ஒரே ஒரு பாட்டில் வேண்டும் என்று போனில் கெஞ்ச, மனசு இளகிவிட்டது. கணவருக்குத் தெரியாமல் போட்டாள். ஒளித்து வைத்தாளே, அந்த இடத்தைக் கேளுங்கள்: வீட்டில் நற்கருணைச் சாறு வைக்கும் அலமாரி! ஆண்டவருடைய பந்திக்கு உரியதை, பாக்கியசீலன் குடித்துக் கிடந்த நாளிலும் தொட்டதில்லை. நிறமும் ஒன்று, பாட்டிலும் ஒன்று. ஆனாலும் அவர் அந்தப் பக்கம் நடந்தாலே இவள் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கோயில் வேலையாள் நேசையா வந்து, வழக்கம்போல் அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்துப் போனார்.

ஆராதனையில் முதல் வரிசை நற்கருணை வாங்கித் திரும்பியது. அருகில் வந்து உட்கார்ந்த பக்கத்து வீட்டுப் பெண் ஸ்டெபியின் மூச்சில் கிராம்பு மணத்தது. நேசையா எடுத்து வந்தது எந்தப் பாட்டில் என்று கெசியாவுக்குப் புரிந்துவிட்டது. குருவானவர் ஊருக்குப் புதிது. ஒயின் கொடுப்பது இந்தச் சபை வழக்கம் என்று நினைத்திருப்பார். பாக்கியசீலன் அதற்குள் பீடத்தின் முன் முழங்காலிட்டிருந்தார். கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். கத்தினால், குடிகாரன் வீட்டிலேயே சாராயம் போட்டவள் என்று ஊர் காறித் துப்பும். கத்தாவிட்டால் புருஷனே இல்லாமல் போய்விடுவார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பாவி.

கிண்ணம் அவர் உதட்டருகே வந்தது. மூக்கு விடைத்தது. எத்தனை கிறிஸ்மஸ் அந்த மணத்தோடு இருந்தவர்! மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கையால் விலக்கினார்.

கோயிலே நிமிர்ந்து பார்த்தது. கிண்ணத்தை மறுக்கிறவன் ஏதோ பாவத்தை மறைக்கிறான் என்றுதான் அங்கே அர்த்தம். இவர் விஷயத்தில் அது என்ன பாவம் என்று யாரும் கேட்கவே வேண்டாம். குருவானவர் குனிந்து ஏதோ கேட்டார்.

"எனக்கு இன்னைக்குத் தகுதி இல்ல, ஐயா," என்றார் பாக்கியசீலன்.

கெசியா பெஞ்சை விட்டு நடந்தாள். பீடத்தருகே போய் அவர் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"அவுகளுக்கு எல்லாத் தகுதியும் இருக்கு, ஐயா. கிண்ணத்துல இருக்கது ஒயினு. அவுகளுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சது நான்."

கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.