மாற்றிப் படித்த சீட்டு

நான் இதுவரை இரண்டு முறை ஓட்டுப் போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் நாட்டை ஆளும் தலைவரின் கட்சிக்கு எதிராகத்தான். ஆனாலும் தினமும் காலையில் அவருக்காக ஜெபிக்கிறேன். உடன் வேலை செய்யும் தோழிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இந்தப் பழக்கம் என் நல்ல குணத்தால் வந்ததில்லை. பத்தாவது படிக்கும்போது சபையில் நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தால் வந்தது.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட சின்னச் சபை எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலை தெரியும். குரங்குகளுக்குப் பயந்து பாதி நாள் திறக்க மாட்டோம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பெண்களின் உபவாச ஜெபம் நடக்கும். மல்லாட்டை பிடுங்கும் காலத்தில், வயலிலிருந்து நேராக, நகக்கண்ணில் செம்மண்ணோடு வந்து உட்காருவார்கள். வேர்க்கடலைச் செடியின் அந்தப் பச்சை வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தச் சபைதான் ஞாபகம் வருகிறது.

போதகரின் மனைவி சொல்லச் சொல்ல நான் சீட்டு எழுதுவேன். மழைக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, நோயாளிகளுக்காக, தேசத் தலைவர்களுக்காக. மடித்துக் காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்குவோம். கையில் வந்த சீட்டுக்கு மட்டுமே ஜெபிக்க வேண்டும், சொந்தக் கவலையை நுழைக்கக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டால் ஜெபம் மருமகள் கதையில் போய் நின்றுவிடும்.

பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டிலும் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "பாப்பா, எனக்கு இன்னா வந்துருக்குது?" என்று சீட்டை நீட்டுவார்கள். நான் படித்துச் சொல்லும்போது அம்மாவின் கழுத்து ஓர் அங்குலம் உயரும். என்னுடையது இரண்டு அங்குலம்.

அந்த வருஷத் தேர்தலில் எங்கள் தெரு விரும்பிய கட்சி தோற்றிருந்தது. ஜெயித்த தலைவரின் முகம் வந்தாலே நைனா டிவியை நிறுத்திவிடுவார். அந்த மாதம் தலைவர்கள் சீட்டு எனக்கு வந்தது. பக்கத்தில் சிங்கவரத்து அத்தை. அவருடைய மகள் காய்ச்சலில் பத்து நாளாகப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அத்தை நீட்டிய சீட்டில் 'நோயாளிகளுக்காக' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

"தேசத் தலைவர்களுக்காக, அத்தை" என்றேன். அவர் முகம் ஒரு கணம் வாடியது. அவர் சீட்டை நான் வைத்துக்கொண்டு என்னுடையதைக் கொடுத்தேன். அவர் மகளுக்கு அவரைவிட அழகாக நான் ஜெபிப்பேன் என்று மனதில் நியாயம் வேறு சொல்லிக்கொண்டேன்.

அத்தை கண்ணை மூடினார். "ஆண்டவரே, அவரு நல்லவரா கெட்டவரா எனக்குத் தெரியாது. ஊரே திட்டுது. அவ்ளோ திட்டையும் ஒரு மனுசன் எப்படித் தாங்குவாரு? நல்ல தூக்கத்தக் குடுங்க. உண்மைய சொல்ற ஆளு ஒருத்தர பக்கத்துல வைங்க. தப்பு பண்ணப் போனா தடுத்துடுங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால எங்கள மாதிரி ஜனங்க மூஞ்சி அவரு கண்ணுல வரட்டும்."

அதோடு ஆமென் சொல்லிவிட்டார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. விதி அப்படி.

அடுத்தது நான். சேர்த்து வைத்திருந்த அழகான வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அத்தை, இது உங்க சீட்டு. நான் மாத்திப் படிச்சுட்டேன்" என்றேன்.

"படிக்கத் தெரியாதவன்னுதான ஏமாத்துன?" என்றார் அத்தை.

"மானத்த வாங்கிட்டியேடி" என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அத்தை சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு அந்த வார்டு முழுவதற்கும் கட்டில் கட்டிலாக ஜெபித்தார். மகளின் கட்டிலுக்கு மூன்றாவதாகத்தான் வந்தார். அங்கே குரல் உடைந்து, வெகுநேரம் அழுதார்.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எழுந்து நின்று, "அத்தை அந்தத் தலைவருக்காகக் கேட்டதயெல்லாம் குடுங்க ஆண்டவரே" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன்.

"மைக் செட் மாதிரி பேசுவ, இன்னிக்கு கரண்ட் போச்சா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் அடக்கவில்லை.

வீட்டில் தனியாக அத்தையின் அந்த ஜெபத்தை மறுபடி சொல்லிப் பார்த்தேன். தலைவர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் கோபத்தோடேயே அதைச் சொல்ல முடிந்தது. அப்படியே பழக்கமாகிவிட்டது.

அடுத்த மாதம் அத்தை மகளோடு வந்தார். முடி கொட்டி, மெலிந்து, ஆனால் நடந்து வந்தாள். சீட்டு எடுத்தோம். அத்தை நெடுநேரம் யோசித்துவிட்டு என்னிடமே நீட்டினார். பிரித்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

"தேசத் தலைவர்களுக்காக" என்றேன்.

அத்தை என்னையே பார்த்தார். சீட்டை வாங்கி, ஆறாவது படிக்கும் மகளிடம் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஆமாம்மா, அதான் எழுதியிருக்குது."

"அந்த மனுசனுக்கு நான்தான் கெடச்சேனா?" என்று சிரித்துவிட்டு அத்தை கண்ணை மூடினார்.