வந்து சேராத ‘ன்னு’

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. வேன் ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவள் ‘ஹாரன்’. வண்டியின் ஹாரன் பழுதாகிக் கிடந்த நாட்களில், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தன் தொண்டையாலேயே தெருவை விலக்கிக்கொண்டு போனதால் வந்த பெயர். அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது.

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று பேசுகிறவள். பிள்ளையைக் கிளப்பிவிடாமல் வண்டியைக் காக்கவைக்கும் அப்பாக்களிடம், “சார், உங்க பையன் ரெடியாயிட்டான். நீங்க எப்ப ஆவீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். புகார் போய், பள்ளி அலுவலகத்தில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். “மெதுவாப் பேசச் சொல்றீங்களா, மெதுவா ஓட்டச் சொல்றீங்களா? ரெண்டுல ஒண்ணுதான் என்னால முடியும்,” என்றாள். அவர்கள் மெதுவாக ஓட்டுவதையே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

இப்பேர்ப்பட்டவள் அடங்கிப்போகிற ஒரே இடம் அவளுடைய அக்கா. “நீயெல்லாம் வண்டி எடுத்தா ரோட்டுல எவன் உயிரோட நடமாடறது?” என்று புருஷன் சிரித்த காலத்தில், அவள் வண்டி பழகும்போது பக்கத்து சீட்டில் தைரியமாக உட்கார்ந்து வந்தவள் அக்காதான். தைரியமாக என்பது சும்மா பேச்சுக்கு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் வந்தாள். மற்றவர்கள் யாரும் வரவில்லை.

அக்கா இப்போது அடுத்த ஊரில் மகன் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் மூட்டு தேய்ந்துபோய், ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஹாரன் அன்றைக்கே மாற்று டிரைவருக்குச் சொல்லி வைத்தாள். மத்தியானம் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் போனைச் சாய்த்து வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள்.

பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. கூப்பிட்டால் அக்கா போனைக் கட் செய்தாள். கடைசியில் அக்கா மகன்தான் கூப்பிட்டான்.

“சித்தி, ஆபரேஷன் அன்னைக்குக் கூட இருக்க ஒரு நர்ஸம்மாவ ஏற்பாடு பண்ணிட்டோம். நீங்க சிரமப்பட வேணாம்.”

“நான் எப்படா சிரமம்னு சொன்னேன்?”

“விடுங்க சித்தி. நீங்க அனுப்பினதை நாங்க எல்லாரும்தான் படிச்சோம்.”

“படிச்சியா? அப்புறம் எதுக்கு நர்ஸு?”

அவனுக்கு அது திமிராகத் தோன்றியிருக்க வேண்டும். போனை வைத்துவிட்டான். அவளுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. வருகிறேன் என்றுதானே எழுதினாள்? அனுப்பியதை எடுத்து மூன்று தடவை படித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கூடப்பிறந்தவள் தன்னை வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு என்ன செய்துவிட்டோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். கோபம்தான் அதிகமாக வந்தது.

அந்தக் குடும்பத்தில் எல்லோர் கையிலும் ஒரே கம்பெனி போன். இவளிடம் இருப்பது வேறு. குடும்ப குரூப்பில் இவள் செய்தி மட்டும் வேறு நிறத்தில் தெரியும். படம் அனுப்பினால் மசமசவென்று போகும். “சித்தி போன்ல இருந்து வந்தா எல்லாமே கெட்டுடுது,” என்று சொல்லிச் சொல்லியே, ஒருநாள் இவள் இல்லாமல் இன்னொரு குரூப் தொடங்கிவிட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போனை மாற்றச் சொல்லி அன்றிலிருந்து நச்சரிப்பு. மாட்டேன் என்றால் மாட்டேன்தான். எதிரே வருகிறவன் கண் கூசுகிறது என்பதற்காக நம் விளக்கைப் பிடுங்கி எறிவார்களா என்ன?

ஆபரேஷனுக்கு முந்தின நாள், பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, வண்டியில் கூட வரும் ஆயாவையும் இழுத்துக்கொண்டு போன் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் போனை அணைத்துப் போட்டார். சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பழைய உரையாடல்களை அழிக்கலாமா என்று கேட்டார். “தொட்டீங்கன்னா கையை உடைச்சுடுவேன்,” என்றாள்.

“போன்ல கோளாறு இல்லக்கா. இங்க இருந்து போகுது. அங்க என்னவாப் போய்ச் சேருதுன்னுதான் பாக்கணும். அந்த மாதிரி போன் யார்கிட்டயாவது இருக்கா?”

ஆயாவிடம் இருந்தது. மகள் பழசாகிவிட்டதென்று தள்ளிவிட்ட போன், மூலையில் கீறலோடு. அக்காவுக்கு அனுப்பிய அதே செய்தியை ஹாரன் அப்படியே ஆயாவுக்கு அனுப்பினாள். ஆயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

“அக்கா, உன் ஆபரேஷன் அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு என்னால வர முடியாது.”

படித்துவிட்டு ஆயா நிமிர்ந்து பார்த்தாள். “அடிப்பாவி. கூடப்பொறந்தவளுக்கா இப்படி எழுதின?”

“மேல படி.”

“மேல ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்.”

ஹாரன் தன் போனை ஆயாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதில் முழுசாக இருந்தது: ‘அக்கா, உன் ஆபரேஷன் அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு என்னால வர முடியாதுன்னு நினைச்சுராத. லீவு சொல்லியாச்சு. நான்தான் உன்கூட இருப்பேன். வேற யாரையும் கூப்பிடாத.’

கடைக்காரர் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒரே மாதிரி போன்களுக்குள் செய்தி நெட் வழியாக முழுசாகப் போகும்; வேறு போனுக்கு என்றால் பழைய முறையில், துண்டு துண்டாகப் போகும். தமிழ் எழுத்து கூடுதல் இடம் பிடிக்கிறது என்பதால் துண்டு சீக்கிரமே விழும். சில சமயம் பின்னால் போகிற துண்டு வழியிலேயே தொலைந்துவிடும். “சின்னச் சின்னதா அனுப்புங்கக்கா. இல்லேன்னா ரெண்டு பேரும் ஒரே ஆப் போட்டுக்கங்க,” என்றார்.

“தொலையறதுதான் தொலையுது, முன்னால இருக்கற அக்காங்கறது தொலையக் கூடாதா? போயும் போயும் அந்த ‘ன்னு’தானா?” என்றாள் ஹாரன். மற்றவர்களுக்கு எப்படியோ, நம் பேச்சில் ஆமாவா இல்லையா என்பது கடைசியில்தான் வருகிறது. வாலை வெட்டினால் தலையே மாறிவிடும்.

“இப்பவே கூப்பிட்டுச் சொல்லு,” என்றாள் ஆயா.

“மாட்டேன். போன் பண்ணின கெடுதலைப் போனை வெச்சே கழுவச் சொல்றியா? நேர்ல போறேன்.”

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி அறைக்குள் அவள் நுழைந்தபோது, அக்கா பச்சை அங்கி மாட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் நர்ஸம்மா. ஜன்னலோரம் அக்கா மகன், கையில் ஒரு புதுப் போன் டப்பாவோடு. இவள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் தலையாட்டினான்.

“நான்தான் அப்பவே சொன்னேனே சித்தி. உங்களுக்காகத்தான் வாங்கினேன், இந்தாங்க. எல்லாரும் ஒரே மாதிரி போன் வெச்சுக்கிட்டா பிரச்சனையே வராது.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரி மூஞ்சி இருந்தாலும்தான் பிரச்சனை வராது. அதுக்காக என் மூஞ்சிய மாத்திக்கணுமா? எடுத்து உள்ள வை.”

“அந்த மெசேஜையாவது அம்மாகிட்ட காட்டுங்க.”

“காட்ட மாட்டேன்.” போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். “போனைக் காட்டிச் சாட்சி சொல்ல நான் வரல. அக்கா, நீ சொல்லு. என்னை உனக்கு நேத்து இன்னைக்கா தெரியும்? அரை வரி வந்துச்சு, அதைப் போய் நம்பிட்டியா?”

அக்கா போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

“நம்பினேன்,” என்றாள். “சோறு இறங்கல எனக்கு.”

“அப்ப கூப்பிட்டு நாலு திட்டு திட்ட வேண்டியதுதானே? நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருக்கலாமே? நான் கூப்பிட்டப்பவும் ஏன் கட் பண்ணின?”

“எடுத்துக் கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?”

ஹாரனுக்குத் தொண்டை வரைக்கும் வந்திருந்த சண்டை அத்தனையும் அங்கேயே நின்றுவிட்டது. கண் நிறைந்ததை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஸ்ட்ரெச்சர் வந்தது. கூட வந்த நர்ஸ் காகிதத்தைப் பார்த்தபடியே, “பேஷண்ட்கூட இருக்கப்போறது யாரு?” என்று கேட்டாள். நாற்காலியில் இருந்த நர்ஸம்மா எழுந்தாள். அக்கா மகன் வாயைத் திறந்தான்.

“என் தங்கச்சி,” என்றாள் அக்கா.