லஸ்கரின் பெயின்ட் வாளி

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் வாய்க்காலில் மதகு திறந்து மூடும் லஸ்கர் அவர். வெளுத்த காக்கிச் சட்டை, முழங்கால் வரை சேறு. பேசும்போதும் கொட்டாங்கச்சியில் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து தன் பழைய பெயின்ட் வாளிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருப்பார். விரால் தூண்டிலுக்கு இரையாக அவர் அதில் வைத்திருக்கும் கெண்டைக்குஞ்சுகள் சாயங்காலம் வரை துள்ளும்.

நானும் அங்கே தூண்டில் போடுபவன். மூன்று கடை ஏறி இறங்கி, பேட்டரியில் காற்று விடும் வாளி வாங்கினேன். என் குஞ்சுகள் பத்து மணிக்கே செத்து மிதந்தன. அவரிடம் கேட்க மனம் வரவில்லை. அவர் அப்பா கூலி உயர்வு கேட்டு எங்கள் களத்தில் கொடி நட்டவர்.

வயிறெரிந்தது. ஒருநாள் அவர் மதகுப் பலகை தூக்கப் போனபோது, அவர் வாளியை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் காலி வாளியைப் பார்த்தார். பிறகு என் வாளியை எட்டிப் பார்த்தார்.

“பக்கெட்டு நல்ல பக்கெட்டுதான் சார். வீட்டு போர் தண்ணியில கொண்டாறீங்க பாருங்க, அதான் சாவுது. வாய்க்கா தண்ணிய ஊத்துங்க.”

அவரே ஊற்றினார். வாய்க்காலில் கொசுவலையால் புதுக் குஞ்சுகளை வாரி, முதலில் என் வாளியில் போட்டார்.

அன்று ஒன்றுகூடச் சாகவில்லை. கவிழ்த்தது யாரென்று அவர் கேட்கவேயில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அதுதான் இன்னமும் எரிகிறது.