பதினொன்றரை மணி விமானமும் ராக்கம்மா அக்காவின் கடிகாரமும்

பருத்திக்கு மருந்தடிக்கும் குட்டி விமானத்துக்குக் கீழே நின்று கொடி ஆட்டுவதுதான் என் முதல் உத்தியோகம். இப்படியொரு வேலை இருக்கிறதென்று எங்கள் ஊர் அகரத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. வெள்ளைக் கொடி என்றால் இந்த வரிசையில் அடி. சிவப்பு என்றால் உடனே கீழே வா. விமானத்தில் ரேடியோ கிடையாது.

பைலட் கேப்டன் துரைசாமி கோயமுத்தூர்க்காரர். முதல் நாளே சட்டம் போட்டார்.

"இதா பாரு தம்பி, பதினொன்னரைக்கு ஜனங்க போற பெரிய டகோட்டா பிளேன் இந்தப் பக்கமாத்தான் மதுரைக்குப் போகும். மேகமா இருந்தா, திண்டுக்கல் மலைக்கோட்டையை அடையாளம் பாக்கத் தாழ வருவான். பதினொன்னேகால்ல இருந்து பதினொன்னேமுக்கா வரைக்கும் நம்ம வண்டி தரையில இருக்கோணும். மணி பாக்குற பொறுப்பு உன்னுது."

பொறுப்பு சரி, வாட்ச்? எனக்கு ஏது! அவருடையது மருந்து பட்டு நின்றுபோய், திண்டுக்கல் ரிப்பேர் கடையில் 'நாளைக்கு, நாளைக்கு' என்று ஒரு மாதமாகக் கிடந்தது. ஆகவே அந்தப் பருத்திக் காட்டுக்குச் சொந்தக்காரி ராக்கம்மா அக்காவின் மோட்டார் ரூமில் மாட்டியிருந்த கடிகாரம்தான் எங்கள் விமான நிலையம். தினமும் டகோட்டா போனதும் போய்ப் பார்ப்பேன், சொல்லிவைத்தாற்போல் பதினொன்றரை காட்டும். எனக்கும் தலைக்கனம் ஏறியது.

நடுவில் இரண்டு நாள் அடைமழை. வேலை இல்லை, டகோட்டாவும் இல்லை. மூன்றாம் நாள் மழை விட்டு, மேகம் மட்டும் நின்றது.

"மணி என்னப்பா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். "பத்து அம்பது சார். தாராளமா ஒரு ரவுண்டு போகலாம்."

போனார். ஒரு வரிசை அடித்துவிட்டுத் திரும்புவதற்காக மேலே ஏறினார். அப்போது வடக்கே உறுமல் கேட்டது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு டகோட்டா வருகிறது, நேராக எங்கள் ஆள் ஏறும் உயரத்துக்கு. சிவப்புக் கொடியைப் பேய் பிடித்தவன் போல ஆட்டினேன்.

"ஏலே கூறுகெட்டவனே! அவரு முதுகுக்கா கொடி காட்டுற? மூஞ்சிக்கு முன்னால ஓடுலே!" என்று கத்தியபடி, காயப்போட்டிருந்த சிவப்புச் சேலையை உருவிக்கொண்டு ராக்கம்மா அக்கா வரப்பில் ஓடினாள். பின்னாலேயே நான். ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தோம். கேப்டன் வளைந்து எங்கள் பக்கம் திரும்பினார், பார்த்தார், கல்லைப் போட்டது போல இறங்கினார். அவர் இருந்த இடத்தில் டகோட்டா போனது. அதன் வயிற்றில் இருந்த எண்ணெய்க் கறைகூட எனக்குத் தெரிந்தது.

கேப்டன் வண்டியை விட்டு இறங்கிவந்தார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எவன்டா பத்து அம்பதுன்னு சொன்னது?"

நான் மோட்டார் ரூமைக் காட்டினேன். ராக்கம்மா அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க கடியாரத்தக் குத்தஞ் சொல்லாதீக. அது நாளைக்குப் பத்து நிமிசம் பிந்தும், அம்புட்டுத்தேன். பெரிய பிளேனு தலைக்கு மேல போகயில பதினொன்னரைன்னு முள்ளத் திருப்பிவச்சுருவேன். ரெண்டு நாளா அது வரல, நான் என்னத்தப் பாத்து வைக்க?"

ஒரு மாதமாக டகோட்டா எப்போது வருமென்று நான் டகோட்டாவிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! கேப்டன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, யார் எதைச் சொன்னாலும், 'உனக்கு யார் சொன்னது?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காததற்கு ஒரு மனுஷன் உயிர் போயிருக்கும், டகோட்டா நிறைய ஜனமும் போயிருக்கும்.

அன்றைக்குக் கேப்டன் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அக்கா மோட்டார் ரூமுக்குப் போய்வந்தாள்.

"இப்பச் சரியா இருக்கு சார். பிளேனு போச்சுல்ல, பதினொன்னரைன்னு வச்சுட்டேன்."