முன் பெஞ்சும் தூக்குப்போசியும்

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறையில், கிணத்துக்கடவுப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்கு எங்கள் காலனிமேல் திடீரென்று பாசம் பொங்கியது. நிலபுலன் வைத்திருந்த தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம் வேன் ஏறிப் போய்விட, வகுப்புகள் காலியாகிக் கிடந்தன. பிள்ளை பிடிக்கத் தலைமையாசிரியரே வந்தார். நானோ எட்டாவதோடு நின்று அம்மாவுடன் தோப்பு வேலைக்குப் போக இருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, புள்ளைய அனுப்பி வைங்க. ஆள் குறைஞ்சா வாத்தியாருகளை வேற ஊருக்கு மாத்திப்போடுவாங்க."

அவர் தலை மறைந்ததும் அம்மா முகத்தைச் சுளித்தாள். "மூணு வருசமா என்ற புள்ளைய கடைசி பெஞ்சுல உக்கார வெச்சவரு, இன்னிக்கு எனக்கு ‘ங்க’ போடறாரு. என்னமோ இருக்குது."

ஆனாலும் அனுப்பினாள். முதல் நாளே டீச்சர் என்னை முன் பெஞ்சில் உட்கார வைத்ததைச் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது.

"எல்லாம் புள்ளைகளை எண்ண அதிகாரி வந்து போற வரைக்குந்தான். பின்னால தள்ளுனாங்கன்னா அன்னிக்கே பையத் தூக்கிட்டு தோப்புக்கு வந்துரு."

அதோடு விட்டாளா? தினமும் காலையில் என் மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியை வேண்டுமென்றே வீட்டில் நிறுத்திக்கொள்வாள். மத்தியானம் அதைக் கொடுக்கிற சாக்கில் வந்து, மணியடிக்கும் முன்பே வகுப்பு ஜன்னலில் நிற்பாள். எனக்கு மானம் போனது. அதிகாரி வந்தார், போனார். நான் முன் பெஞ்சிலேயே இருந்தேன். "இன்னும் பாக்கலாம்" என்றாள் அம்மா.

பிறகு ஒருநாள், அம்மா வேலை செய்த தோப்புக்காரரின் மகள் இங்கிலீஷ் பள்ளி ஒத்துவராமல் திரும்பி வந்தாள். முன் பெஞ்சு ஒரு காலத்தில் அவளுடையது. அதன் பக்கத்தில் வந்து சும்மா நின்றாள். டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு நடந்தேன்.

"ஏ கண்ணு! உன்னைய ஆரு எந்திரிக்கச் சொன்னது?"

ஜன்னலில் அம்மா. டீச்சர் திரும்பிப் பார்த்தார். யாரும் என்னை எழச் சொல்லவில்லை. அந்தப் பெண்கூட இடம் கேட்கவில்லை. திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா மறுநாளும் தூக்குப்போசியோடு வந்தாள். டீச்சரை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. மணியடிக்கும்வரை, நானே எழுந்துவிடுவேனோ என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.