காலிக் கட்டத்தில் நான் போட்ட பூஜ்யம்

செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அரசு இணையதளங்களிலிருந்து புள்ளிவிவரம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எல்லாருக்கும் திறந்தே கிடக்கும் தகவல்தான். கதவு எங்கே என்றுதான் தெரியாது. அங்கே தேடி நொந்துபோனவர்களுக்கு இது புதிதல்ல.

பதினான்காவது கிளிக்

புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துப் பெண் செல்வி. கடலோரக் கிணறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தன் குப்பத்துக் கிணறு கோடையில் வற்றுகிறது என்று அரசுக் கணக்கையே காட்டிக் குடிநீர்க் குழாய் கேட்க நினைத்தாள். வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும்.

பதினான்கு கிளிக்குக்குப் பிறகு கிணற்று நீர்மட்டக் கோப்பு திறந்தது. எல்லாப் பக்கமும் படுக்கையாக ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. யாரையும் கேட்கக் கூச்சம். அரை மணி நேரம் தலையைச் சாய்த்தே படித்தேன். கடைக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா அண்ணாத்த, கழுத்து சுளுக்கிகிச்சா? அந்த பட்டன அமுக்குனா பக்கம் திரும்பிக்கும்."

நாற்பத்து மூன்றாவது கிணறு

முதல் பக்கத்தில் நாற்பத்திரண்டு கிணறுகள் என்று போட்டிருந்தது. நான் தட்டச்சு செய்து எண்ணினால் நாற்பத்து மூன்று. மூன்று முறை எண்ணியும் மாறவில்லை. அரசாங்கம் ஒரு கிணற்றை விட்டுவிட்டது என்று செல்வியிடம் மெல்லச் சொன்னேன். அவள் கடைசி வரிக்குப் போய், ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் விரலை வைத்தாள்.

"அய்யா, சராசரின்னு ஒரு ஊரு எந்தப் பக்கம் கீது?"

தளும்பிய கிணறு

சில கட்டங்கள் காலியாக இருந்தன. அப்படியே விட்டால் வேலையை முடிக்காதவன் என்று நினைப்பார்களே என்று எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டேன். அந்த அளவோ, தரையிலிருந்து எத்தனை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்பது. பூஜ்யம் என்றால் தண்ணீர் தரைமட்டத்தில் தளும்புகிறது.

வியாழக்கிழமை செல்வி அந்தக் கணக்கை வரைபடமாகப் போட்டபோது, மே மாதத்தில் குப்பத்துக் கிணறு விளிம்புவரை நிறைந்திருந்தது. அதைக் கொடுத்தால் குழாய் எப்படி வரும்? மீன் விற்றுவிட்டு நேரே கடைக்கு வந்திருந்த அவள் அம்மா அஞ்சலை திரையைப் பார்த்தாள்.

"இம்மாந் தண்ணி கீதா நைனா? கொடத்த எட்த்துகினு வரேன், எங்கன்னு காட்டு."

பத்தொன்பது

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: கட்டம் காலியாக இருந்தால் கிணறு வறண்டிருந்ததால் அளக்கவில்லை என்று பொருள். நான் போட்ட பூஜ்யங்கள் பத்தொன்பது. ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டு அழித்தேன்.

மறுநாள் கலெக்டர் ஆபீஸுக்கு நானும் போய் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். அதிகாரி அட்டவணையில் விரலை வைத்து, மே மாதத்தில் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்றார். செல்வி குறிப்பைக் காட்டுவதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டாள்.

"கெணறே காலியா கீது சார். கட்டத்துல மட்டும் இன்னாத்த போடறது?"

அவர் குறிப்பைப் படித்தார். 'நேரில் பார்வையிடவும்' என்று மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எதையும் மூன்று முறை எண்ணிப் பார்க்கும் எனக்கு, ஒன்றும் எழுதாமல் விடக் கற்றுக்கொள்ள அறுபத்தாறு வயதாகியிருக்கிறது.