பவரம்மா சொன்ன சாட்சி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அந்த அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பவரம்மா என்றால்தான் தெரியும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆட்களின் பெயர் அவர் தலையில் நிற்காது, பவர்தான் நிற்கும். வாசலில் ஆள் தெரிந்ததுமே, "வாங்க மைனஸ் ரெண்டரை! என்ன, மறுபடியும் அது மேலயே உக்காந்துட்டீங்களா?" என்பார். உட்கார்ந்திருப்பார்கள். அசடு வழிய வளைந்த ஃபிரேமை எடுத்து நீட்டுவார்கள்.

பத்தொன்பது வயதில் ஒரு கண் மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தவர். சும்மா எழுதிக்கொண்டிருக்க அவருக்குக் கை ஒத்துக்கொள்ளவில்லை. லென்ஸ் தேய்க்கும் அறையில் போய் நின்று நின்று, விரட்டினாலும் நகராமல், இரண்டே வருடத்தில் லென்ஸை அளவாகத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு தனிக்கடை. கடை என்று பேர்தான். மூன்று பேர் உள்ளே வந்தால் நான்காவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். ஆனால் வேலை சுத்தம். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஓர் அட்டை. என்ன பவர், எந்தத் திருகு மாற்றியது என்று தேதியோடு எழுதி வைப்பார். ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர் சீட்டில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். ஒருமுறை மாமனார் கண்ணாடி மருமகனுக்குப் போய், இரண்டு வீட்டிலும் ரணகளம் நடந்ததிலிருந்து இந்தச் சட்டம்.

அந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது ஒரு மொழி, அரசாங்கம் எழுதுவது வேறு மொழி. ஆஸ்பத்திரிச் சீட்டு, நிலப் பத்திரம், கோர்ட்டு நோட்டீஸ் எல்லாமே புரியாத மொழியில்தான் வரும். என்ன ஏது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு லோல்பட்டவர்கள் கொஞ்சமா நஞ்சமா? "எங்கள் மொழியிலும் எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு சின்னச் சங்கம் கேட்டது. கேட்டது அவ்வளவுதான். அதற்கே சங்கத்து ஆட்களை வீட்டிலும் வேலையிடத்திலும் புகுந்து அள்ளிக்கொண்டு போனார்கள். வாரண்ட் கிடையாது, வழக்கு கிடையாது. அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

சங்கத்தின் செயலாளரை ஊரில் புரூஃப்காரர் என்பார்கள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாத கண், சோடாபுட்டிக் கண்ணாடி. பவரம்மாவின் பத்து வருட வாடிக்கை. அவரைப் பிடித்துக்கொண்டு போய் இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி கோர்ட்டில் மனுப் போட்டார். "அப்படி யாரும் எங்களிடம் இல்லை" என்று போலீஸ் மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டது. நான்காவது விசாரணை வியாழக்கிழமை. அன்றைக்கும் இதே பதில் வந்தால் மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அந்த மனுஷனை என்ன செய்தாலும் கேட்க நாதியில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மீசை வைத்த ஓர் ஆள் கடைக்கு வந்தார். சாதாரணச் சட்டைதான், ஆனால் காலில் போலீஸ் பூட்ஸ். காகிதத்தில் சுற்றிய ஒரு கண்ணாடியை மேசையில் வைத்தார். வலது லென்ஸ் தூள்தூள். இடது லென்ஸ் முழுசாக இருந்தது. காதில் மாட்டும் கம்பியில் ரத்தம் காய்ந்திருந்தது.

பவரம்மா இடது லென்ஸை விளக்கில் பிடித்துப் பார்த்தார். அவர் கையாலேயே தேய்த்த லென்ஸ், புரூஃப்காரருடையது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"யாரோடதுங்க?"

"எங்க மாமாவோடது. படியில விழுந்துட்டாரு. இன்னைக்கே வேணும்."

"இந்தப் பவர் இங்க கிடைக்காது. வெளியூர்லருந்து வரணும். வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க."

"அய்யோ, அவ்வளவு நாளா? அவர் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடணும்மா. படிச்சுப் பாக்காம போட மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பாத்தாச்சு."

எப்படிச் 'சொல்லி'ப் பார்த்திருப்பார்கள் என்று காதுக் கம்பியைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் உயிரோடு இருக்கிறார், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வாழ்க்கை முழுக்க அடுத்தவன் எழுத்தைத் திருத்திய மனுஷன், படிக்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

"சரி, இந்தச் சீட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. எங்க கடை வழக்கம்" என்றார்.

வந்தவர் யோசிக்காமல் போட்டுவிட்டுப் போனார். பவரம்மா சீட்டை எடுத்துப் பார்த்தார். கையெழுத்துக்குக் கீழே ஓர் எண். ஸ்டேஷனில் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் கீழே தன் போலீஸ் நம்பரைப் போட்டுப் போட்டுப் பழகிய கை, இங்கேயும் போட்டுவிட்டது!

அன்று சாயங்காலம் புரூஃப்காரரின் வக்கீல் வீட்டுக்குப் போய், சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லிவிட்டு வந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் தாம்தூம் என்று குதித்தார். "உனக்கென்ன பைத்தியமா? நாளைக்கு உன்னைத் தூக்கிட்டுப் போனா நான் எந்தக் கோர்ட்டுக்குப் போறது?"

"அதான் வக்கீல் வீடு தெரிஞ்சுபோச்சே. அங்கயே போங்க."

"இந்த நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா அந்த லென்ஸை நான்தான தேய்ச்சேன்? தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

மனுஷன் இரண்டு நாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். வியாழக்கிழமை காலையில் அவர் ஓட்டும் பேருந்திலேயே பவரம்மா ஏறினார். அந்தத் தடத்துக்குக் கோர்ட்டு வாசலில் நிறுத்தம் கிடையாது. நிறுத்தமில்லாத இடத்தில் ஒருநாளும் நிறுத்தாதவர், அன்றைக்கு வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, "இறங்கும்மா, பாத்துப் போ" என்றார்.

கோர்ட்டில் அரசு வக்கீல் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். "சோடாபுட்டி போட்டவங்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க."

"ஆயிரம் பேர் இருக்கலாம்யா. ஒவ்வொருத்தர் கண்ணும் வேற வேற" என்றார் பவரம்மா. பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, "ஐயா, புரூஃப்காரருக்கு இடது கண்ணுல மைனஸ் பன்னிரண்டரை, அதோட பார்வையில ஒரு கோணலும் உண்டு, அதைச் சரிக்கட்ட லென்ஸையும் கோணலாத் தேய்ச்சிருக்கேன். முப்பத்தஞ்சு டிகிரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதின அட்டை இது. கண்ணாடியைக் கையில பிடிச்சு, அது வழியா அந்த ஜன்னல் கம்பியைப் பாருங்க. கம்பி உடைஞ்சாப்பல தெரியும். மெதுவா திருப்பிக்கிட்டே வந்தா ஓரிடத்துல நேரா நிக்கும். எவ்வளவு திருப்பியிருக்கீங்கன்னு அளந்து பாருங்க" என்று பள்ளிக்கூடக் கோணமானி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கண்ணாடியைப் பிடித்துத் திருப்பினார், அளந்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடியும் அளந்தார். வந்து உட்கார்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இதை உங்ககிட்டக் கொண்டுவந்தது யாரு?"

பவரம்மா சீட்டை எடுத்துக் கொடுத்தார். நீதிபதி அந்த எண்ணைச் சத்தமாகப் படித்து, "இது யார் நம்பர்?" என்று போலீஸ் அதிகாரியைக் கேட்டார். மூன்று முறை கூசாமல் பச்சைப் பொய் சொன்ன அதிகாரி, "எங்க ஸ்டேஷன் நம்பர்தாங்கய்யா" என்று ஒத்துக்கொண்டார். நாலு மணிக்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று.

புரூஃப்காரர் மனைவியும் பவரம்மாவும் சாப்பிடாமல் கோர்ட்டுத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்துப் போட்ட அந்த மீசைக்காரரை நினைத்தும் பவரம்மாவுக்குப் பாவமாக இருந்தது. நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வேன் வந்தது. புரூஃப்காரர் சுவரைத் தடவித் தடவி வந்தார். பாதி ஆள்தான் இருந்தார். மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு கதறினார்.

பவரம்மா முந்தின நாளே புதுக் கண்ணாடி செய்து வைத்திருந்தார். வெளியூர் லென்ஸாவது ஒன்றாவது, எல்லாம் கடையிலேயே இருந்ததுதான். வீங்கியிருந்த காதில் உரசாமல் கம்பியை அகட்டி மாட்டிவிட்டார். புரூஃப்காரர் மனைவி முகத்தை ஆசை தீரப் பார்த்தார். பிறகு பவரம்மாவைப் பார்த்தார்.

"என்னை எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"கண்ணாடி கடைக்கு வந்துச்சு தம்பி."

அவர் புதுக் கண்ணாடிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "உள்ள இன்னும் ஆறு பேர் இருக்காங்கக்கா" என்றார். "எல்லாருக்கும் கண்ணு நல்லா இருக்கு. ஒருத்தர்கூடக் கண்ணாடி போடல."

அந்த ஆறு பேர் இருக்கும் இடத்தைச் சொல்ல எந்தக் கண்ணாடியும் பவரம்மாவின் கடைக்கு வராது. சுற்றி எல்லோரும் சந்தோஷத்தில் இருக்க, அவர் ஒருவர்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வக்கீலிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினார்.

"சொல்லுங்க தம்பி" என்றார். "முதல் ஆள். பேரு என்ன, உடம்புல என்ன அடையாளம், கடைசியா எப்பப் பாத்தீங்க? அவசரமில்ல, நிதானமா சொல்லுங்க."